எலிக்குப் பலித்தது, சித்தப்பாவுக்குப் பலிக்குமா?

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். இடுப்பு வலிக்கு மாத்திரையும் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பும் கேட்டு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அவர்கள் போகட்டும் என்று ஒரு பையன் ஓரமாக ஒதுங்கி நின்றான். தெரிந்த வீட்டுப் பையன்தான். கடை காலியானதும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, கஞ்சா எண்ணெய் குடுத்தா கேன்சர் கரைஞ்சு போயிடுமாமே... நெசமாண்ணே?"

கையிலிருந்த செல்போனை நீட்டினான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஏதோ பேசுகிறார். கண்ணாடித் தட்டில் இருக்கும் புற்றுநோய் செல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் சாகின்றன. 'மருந்துக் கம்பெனிகள் மறைத்த ரகசியம்' என்று கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது.

யாருக்கு என்று கேட்டேன். அவனுடைய சித்தப்பாவுக்கு. ஆறு மா நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். முப்பது வருஷமாகக் கன்னத்தில் புகையிலை அடக்கிப் பழக்கம். கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்து, ஆறவே இல்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. "ஆரம்பத்திலேயே வந்திருக்கீங்க. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தி என்றதும் வீடே கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு ஆசாமி, சின்ன பாட்டில் பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் போட்டேன். "படிச்ச புள்ளதானே நீ? கஞ்சாவைக் கொண்டுபோய் மனுஷன் வாயில ஊத்தப் போறியா? போலீஸ் புடிச்சா தெரியும்" என்று திட்டினேன். பையனின் முகம் சுண்டிப் போய்விட்டது. ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு நான் செய்தது தப்பு. அவன் கேட்ட கேள்வி ஒன்றும் முட்டாள்தனமான கேள்வி இல்லை. அதற்கு ஒழுங்கான பதில் இருக்கிறது. உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும். சொல்லத் தவறியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

வீடியோ பொய் இல்லை, ஆனால்...

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வோம். அந்த வீடியோவில் செல்கள் சாவது பொய் இல்லை. கஞ்சாச் செடியில் இருக்கும் சில பொருள்கள், ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களை ஒடுக்குகின்றன. இது ஐம்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி, யாரும் மறைக்கவில்லை.

கஞ்சாவில் போதை தருகிற பொருளுக்கு டி.ஹெச்.சி. என்று பெயர். இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கோலமும் அவருடைய கூட்டாளியும் 1964-ல் அதைத் தனியாகப் பிரித்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். போதை தராத இன்னொரு முக்கியமான பொருள் சி.பி.டி. இந்த மாதிரிப் பொருள்கள் அந்தச் செடியில் நூறுக்கு மேல் இருக்கின்றன.

1975-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் உள்ள மருத்துவக் கல்லூரியில் சுண்டெலிகளுக்கு நுரையீரல் புற்றுக் கட்டியைப் பதித்து, டி.ஹெச்.சி. கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி வளரும் வேகம் குறைந்தது. 2000-ல் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் எலிகளின் மூளையில் வளர்ந்த கட்டிக்குள் அதைச் செலுத்தினார்கள். சில எலிகளுக்குக் கட்டி அடியோடு மறைந்தே போய்விட்டது!

ஆஹா என்று தோன்றுகிறது அல்லவா? அவசரப்படாதீர்கள். அதே மாட்ரிட் குழுவினர் அடுத்தபடியாக மனிதர்களிடம் வந்தார்கள். மூளைக் கட்டி திரும்ப வந்து, வேறு வழி இல்லாத ஒன்பது நோயாளிகளின் கட்டிக்குள் டி.ஹெச்.சி.யைச் செலுத்தினார்கள். 2006-ல் முடிவு வெளியானது. மருந்தை உடம்பு தாங்கிக்கொண்டது. ஆனால் எலிக்கு நடந்த அற்புதம் இங்கே நடக்கவில்லை. சிகிச்சை தொடங்கியதிலிருந்து அவர்கள் உயிரோடு இருந்த காலத்தின் நடு அளவு 24 வாரம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. வீடியோக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. 1975-ல் நல்ல செய்தி வந்த அதே ரிச்மண்ட் நகரிலிருந்து, முப்பது வருஷம் கழித்து 2005-ல் ஒரு கெட்ட செய்தியும் வந்தது. மார்பகப் புற்றுநோய் பதித்த சுண்டெலிகளுக்கு டி.ஹெச்.சி. கொடுத்தபோது கட்டி குறையவில்லை; பெரிதானது, பரவியது. காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவிட்டது. இந்த ஆராய்ச்சியைச் செய்த குழுவில் நாகர்கட்டி என்ற இந்தியத் தம்பதியர் இருந்தார்கள்.

அதாவது ஒரே பொருள் ஒரு கட்டியை ஒடுக்குகிறது, இன்னொரு கட்டியை வளர்க்கிறது. சித்தப்பாவின் கன்னத்தில் இருப்பது எந்த வகை? பாட்டில் விற்கிறவனுக்குத் தெரியுமா?

களைக்கொல்லியும் நாற்றும்

நம்ம ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வயலில் கோரை மண்டிவிட்டது. கோரையைக் கொல்ல ஒரு மருந்து கண்டுபிடிப்பது பெரிய காரியமா? கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாலே கோரை செத்துப்போகும். நாற்றும் கூடவே செத்துப்போகும்! கோரை சாக வேண்டும், நெல் பிழைக்க வேண்டும். அதுதானே வித்தை?

கண்ணாடித் தட்டில் புற்றுநோய் செல் சாவதும் இப்படித்தான். அங்கே நெல் இல்லை, வெறும் கோரை மட்டும்தான். உப்பை அள்ளிப் போட்டாலும் அந்தச் செல் சாகும். அதே பொருள் மனிதனின் வயிற்றுக்குள் போய், ஈரலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, போதுமான அளவில் கட்டியைப் போய்ச் சேர்ந்து, மற்ற உறுப்புகளைக் கெடுக்காமல் வேலை செய்ய வேண்டும். தட்டில் பலித்த பொருள்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியில் எங்கேயாவது விழுந்துவிடுகின்றன.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நமக்குப் புதிதா? 1922-லிருந்து இருக்கிறது. 1960-களில் அங்கிருந்து வந்த 'ஆடுதுறை 27' நம் தாத்தா, அப்பா காலத்தில் குறுவையின் முகத்தையே மாற்றியது. ஜப்பான் வகை நெல்லையும் நம் ஊர் நெல்லையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ரகம் அது. இரண்டு நெல்லை ஒட்டுச் சேர்த்த மறுவருஷமே விதையை மூட்டை கட்டி விவசாயியிடம் கொடுப்பார்களா? மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக விதைத்துப் பொறுக்குவார்கள். சின்னப் பாத்தியில் பார்ப்பார்கள். பிறகு பல ஊர்களில் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் விவசாயியின் வயலிலேயே, பழைய ரகத்தைப் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் வெளியிடுவார்கள். பல வருஷம் பிடிக்கும்.

ஒரு போக நெல்லுக்கே இத்தனை சோதனை என்றால், ஓர் உயிருக்கு எத்தனை வேண்டும்? புதிய மருந்தும் இதே படிகளில்தான் ஏறி வருகிறது. தட்டு, எலி, பிறகு சில மனிதர்கள், பிறகு சில நூறு பேர், கடைசியில் பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வரை. கஞ்சாவின் பொருள்கள் புற்றுநோய் விஷயத்தில் இப்போது எந்தப் படியில் நிற்கின்றன? இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். பாத்தியில் இருக்கிற நாற்று அது. அதை யாரோ அறுவடை என்று சொல்லி விற்கிறார்கள்.

நம்பிக்கையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021-ல் பிரிட்டன் டாக்டர்கள் ஒரு சின்ன ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். மூளைக் கட்டி திரும்ப வந்த 21 பேர். எல்லோருக்கும் வழக்கமான கீமோதெரபி மாத்திரை. அதோடு 12 பேருக்கு டி.ஹெச்.சி.யும் சி.பி.டி.யும் அளந்து கலந்த ஒரு ஸ்பிரே, 9 பேருக்கு வெறும் ஸ்பிரே. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், முதல் குழுவில் 83 சதவிகிதம் பேர், இரண்டாவது குழுவில் 44 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் 21 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்று அந்த டாக்டர்களே சொன்னார்கள். அதனால்தான் 2023-ல் அங்கே இன்னும் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அதற்குப் பொதுமக்கள் நன்கொடையும் சேர்ந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நோயாளிகள் யாரும் கீமோதெரபியை நிறுத்தவில்லை. அதோடு சேர்த்துத்தான் ஸ்பிரே!

சுடுகாட்டு மல்லி சொல்லும் பாடம்

"செடியில மருந்து இருக்குன்னு சொன்னா இங்கிலீஷ் வைத்தியம் ஒத்துக்காதுண்ணே" என்று சிலர் என்னிடம் வாதம் செய்வதுண்டு. அவர்களை நான் கொல்லைப்பக்கம் கூட்டிப் போவேன். அங்கே நித்தியகல்யாணி பூத்திருக்கும். சுடுகாட்டு மல்லி என்று சொல்வோமே, அதேதான். வெள்ளையும் ரோஸுமாக வருஷம் முழுக்கப் பூக்கிற செடி.

1950-களில் கனடாவின் ராபர்ட் நோபிளுக்கு இதன் இலைகள் ஜமைக்காவிலிருந்து ஒரு பொட்டலத்தில் வந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்று குறிப்பு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஆனால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற நோய்தானே ரத்தப் புற்றுநோய்? அங்கே பொறி தட்டியது. அவரோடு சேர்ந்த சார்லஸ் பியர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1960-களின் தொடக்கத்தில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இரண்டு மருந்துகள் வந்துவிட்டன. இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மற்ற மருந்துகளோடு வின்கிரிஸ்டினும் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் குழந்தைகள் பிழைப்பதே அபூர்வம். இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அந்தச் செடியின் இலையும் வேரும் நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைந்து வெளிநாடுகளுக்குப் போகின்றன.

ஆக, செடியை ஒதுக்குகிற எண்ணம் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கிடையாது. கிடைத்தால் கொண்டாடுவார்கள்!

இப்போது கணக்கைக் கேளுங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க அரை டன் காய்ந்த இலை வேண்டியிருந்தது. வின்கிரிஸ்டினுக்கு அதைவிடப் பல மடங்கு. வளர்ந்த ஆளுக்குக்கூட ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வின்கிரிஸ்டின் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. கொஞ்சம் கூடினால் நரம்பு கெடும். ஊசியைப் போடக்கூடாத இடத்தில் போட்டால் உயிரே போகும். கொல்லையில் இருக்கிறதே என்று இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் கேன்சர் போகாது, ஆள்தான் போவார்.

இலை வேறு, மருந்து வேறு. நடுவில் இருப்பது அளவு. என் முப்பது வருஷ மருந்துக்கடை அனுபவத்தில் நான் கற்ற பாடம் இந்த ஒரு வரிதான்.

பாட்டிலில் என்ன இருக்கிறது?

அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய் பாட்டிலைக் கொஞ்சம் யோசியுங்கள். அதில் டி.ஹெச்.சி. எத்தனை மில்லிகிராம்? தெரியாது. எந்த எண்ணெயில் காய்ச்சியது? தெரியாது. செடிக்கு அடித்த பூச்சிமருந்து அதில் தங்கியிருக்கிறதா? தெரியாது. வெறும் தேங்காயெண்ணெயில் பச்சைச் சாயமாகக்கூட இருக்கலாம். வீரியமாக இருந்துவிட்டாலோ, வயதானவர் தலை சுற்றி விழுவார், படபடப்பு வரும், ஆளைத் தெரியாமல் உளறுவார்.

சி.பி.டி. மட்டும்தான், போதை இல்லை என்கிறார்களா? அதிலும் சிக்கல் உண்டு. பல மருந்துகளை உடைத்து வெளியேற்றுகிற ஈரலின் வேலையை சி.பி.டி. தடுக்கிறது. கீமோதெரபி எடுக்கிறவர் டாக்டரிடம் சொல்லாமல் இதையும் குடித்தால், கீமோ மருந்து உடம்பில் தேங்கி விஷமாகலாம்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி 2024-ல் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. முறையான மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருந்தால் ஒழிய, புற்றுநோயைக் குணப்படுத்த என்று கஞ்சாப் பொருள்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று நோயாளிக்குச் சொல்லுங்கள் என்கிறது அது. கஞ்சா பல மாநிலங்களில் சட்டப்படியே கிடைக்கிற நாடு அமெரிக்கா. அங்கேயே இப்படி!

அப்படியானால் இந்தச் செடியால் புற்றுநோயாளிக்கு உபயோகமே இல்லையா? உண்டு. கீமோதெரபியில் வருகிற குமட்டல், வாந்திக்கு டி.ஹெச்.சி. மாத்திரையை 1985-லேயே அமெரிக்க அரசு அனுமதித்தது. சி.பி.டி.யைக் குழந்தைகளின் சில அபூர்வ வலிப்பு நோய்களுக்கு 2018-ல் அனுமதித்தது. வாந்திக்கு நம் ஊரில் ஆண்டான்செட்ரான் மாதிரி மாத்திரைகள் சல்லிசாகவே கிடைக்கின்றன. ஆக, வாந்தியை நிறுத்துகிற மருந்தாக அது நிரூபணமாகிவிட்டது. கட்டியைக் கரைக்கிற மருந்தாக ஆகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாப் பூவும் அதன் பிசினும் தடை செய்யப்பட்டவை. பிசினைச் செறிவாக்கி எடுக்கிற எண்ணெயும் அதில் அடக்கம். குறைந்த அளவு வைத்திருந்தாலே ஒரு வருஷம் வரை சிறை உண்டு. அளவு கூடக்கூடத் தண்டனை இருபது வருஷம் வரை போகும். பூ சேராத தனி இலை மட்டும் அந்தத் தடையில் வராது. அந்த இலையை வைத்து உரிமம் பெற்றுச் செய்கிற ஆயுர்வேதத் தயாரிப்புகள் இருக்கின்றன. ஆனால் எந்த வைத்திய முறையாக இருந்தாலும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. விளம்பரமே குற்றம் என்றால், அந்த வாக்குறுதியை நம்பலாமா?

அதே 1985 சட்டம், மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஜம்முவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உரிமம் பெற்று, காவலுடன் கஞ்சாப் பயிர் வளர்த்து, அதன் பொருள்களைப் பிரித்து ஆராய்ந்து வருகிறது. இதை நான் வரவேற்கிறேன். இன்னும் அதிகமாக நடக்க வேண்டும் என்பேன். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகம். நம் நோயாளிகளுக்கு எது பலிக்கும் என்று வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடித்துத் தரும்வரை காத்திருப்பானேன்?

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒரு வைத்திய நிலையம் நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. யாருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன ஆயிற்று என்று குறித்து வைத்தார்கள். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்ணைப் பார்த்து வரைந்த படங்களோடு சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. நம் மண்ணின் வைத்தியம் அப்படி எழுதி வைத்த வைத்தியம். பாட்டில் விற்கிற ஆசாமியிடம் ஒரு நோட்டுப் புத்தகமாவது உண்டா? குணமாகாதவர்களின் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறானா?

ஏன் அங்கே போகிறார்கள்?

இப்போது மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில்காரன் மேல் மட்டும் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அவனிடம் ஜனங்கள் ஏன் போகிறார்கள்?

பயம். வலி. பேச ஆள் இல்லாமை. இந்த மூன்றும்தான்.

கிராமத்து மனுஷர் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நாலு மணி நேரம் நிற்கிறார். உள்ளே போனால் டாக்டருக்கு நேரம் இல்லை. 'ஆபரேஷன்' என்ற ஒரு வார்த்தையோடு வெளியே வருகிறார். பாட்டில்காரனோ வீடு தேடி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஆறுதலாகப் பேசுகிறான். மருந்துக்கடைக்காரன் நானும் என்ன செய்தேன்? திட்டினேன்.

வலி விஷயத்தில் இன்னொரு கொடுமை. கஞ்சா எண்ணெய் தேடுகிற குடும்பங்களில் பாதிப் பேர் கேட்பது வலிக்குத்தான். புற்றுநோய் வலிக்கு நிரூபணமான மருந்து நம் நாட்டிலேயே இருக்கிறது. மார்ஃபின் மாத்திரை. அதுவும் ஒரு போதைச் செடியிலிருந்து வந்ததுதான். கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுப்பது. வட மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினி பயிராகிறது. அந்தச் செடி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி, அளவு தெரிந்த மாத்திரையாகிவிட்டது. கஞ்சா இன்னும் பாதி வழியில் இருக்கிறது. வந்து சேர்ந்ததை விட்டுவிட்டு, வழியில் இருப்பதை ஏன் திருட்டுத்தனமாக வாங்க வேண்டும்?

மார்ஃபினை ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதில் இருந்த சிக்கலைக் குறைக்க 2014-ல் சட்டத்தையே திருத்தினார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளா முழுக்கப் பரவி, வீடு தேடிப் போய் நோயாளியைப் பார்க்கிறது. நம் டெல்டாவில் மார்ஃபின் என்றாலே 'அடிமையாகிவிடுவாரே' என்று குடும்பமும் பயப்படுகிறது, சில டாக்டர்களும் தயங்குகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுகிறவர் போதை அடிமை ஆவது அபூர்வம். வலி தாங்காமல் ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்காமல் இருப்பதுதான் பாவம்.

ஆகவே, தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வலி நிவாரணப் பிரிவும் மார்ஃபினும் கிடைக்க வேண்டும். புற்றுநோய் என்று சொல்லும் அன்றே, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பாட்டில்காரனுக்கு வியாபாரம் படுத்துவிடும்.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

இனிமேல் 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று உங்கள் செல்போனுக்கு எது வந்தாலும், கோபப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பலித்தது எதில்? கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

இரண்டு: மனிதர் என்றால் எத்தனை பேர்? அந்த மருந்து சாப்பிடாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

மூன்று: அதில் என்ன பொருள், எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் இருக்கிறதா? தயாரித்தவரின் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா?

நாலு: நடக்கிற சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார்களா? நிறுத்து என்று ஒருவன் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

'இது ஆராய்ச்சி ஸார்' என்று சொல்லிப் பணம் கேட்டாலும் உஷார். நம் நாட்டில் மருந்துப் பரிசோதனைகளை அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009-லிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். உண்மையான பரிசோதனையில் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். சோதனை மருந்துக்கு விலை சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஏற்கெனவே இந்த எண்ணெயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் போலீஸ் இல்லை. மருந்தின் அளவைத் தீர்மானிக்க அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். சிகிச்சைக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. கன்னத்திலோ நாக்கிலோ ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், என்னிடம் களிம்பு கேட்டு வராதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள்.

சித்தப்பா என்ன ஆனார்?

அந்தப் பையன் மறுபடி என் கடைக்கு வந்தபோது தை பிறந்துவிட்டது. அறுவடை நேரம். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. எண்ணெய் வாங்கியிருக்கிறார்கள், இரண்டு பாட்டில். இரண்டரை மாசம் கொடுத்திருக்கிறார்கள். முதல் பத்து நாள் சித்தப்பா நன்றாகத் தூங்கினாராம். 'கேக்குது' என்று வீடே சந்தோஷப்பட்டிருக்கிறது. புண் மட்டும் உள்ளுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

ஆபரேஷன் நடந்தது. ஆனால் முதலில் சொன்ன சின்ன ஆபரேஷன் இல்லை. தாடை எலும்பு வரைக்கும் போய்விட்டதால் அதில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு மேல் கதிர்வீச்சு. சித்தப்பா இருக்கிறார். வரப்பில் நடக்கிறார். குழையக் குழைய வடித்த சோறும் மோரும்தான் சாப்பாடு. பேசினால் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் புரிகிறது.

"அன்னிக்கு நீங்க திட்டினதுல எனக்குக் கோவம்ணே. அவரு ஒருத்தர்தான் எங்க வீட்டுக்கு வந்து பொறுமையா பேசினாரு" என்றான் பையன்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டேன். இப்போது அந்த ஸ்டூல் நிரந்தரமாக அங்கேதான் இருக்கிறது. யார் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாலும், "உக்காரு தம்பி, அந்த வீடியோவைக் காட்டு, பார்ப்போம்" என்கிறேன்.